அடுப்பங்கரையில் கிடந்த பாலம்

லோரிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் பாலம். முன்னால் புத்தம் புதிய லோரி. அதன் மூக்கிலிருந்து வந்த சூடு என் வயிற்றில் அடித்தது. பெட்ரோல் வாடையோடு, லோரியின் மேல் நெருக்கியடித்து நின்றவர்களின் தேங்காயெண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தது.

மேலே நாற்பது பேர். எங்கள் தோட்டத்து ஆட்கள். எல்லாரும் தலைவாரி, பொட்டு வைத்து, தீபாவளி உடுப்பு உடுத்தியிருந்தார்கள். லோரியில் ஏறுவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

"கிராணி ஐயாவுக்கு என்னா ஆச்சு? லோரிய மாடுன்னு நெனச்சி மறிக்கிறாரா?" என்று மேலிருந்து கத்தினாள் அஞ்சலை. பெண்கள் கும்பலுக்கு அவள்தான் தலைவி. அவள் வாய்க்கு நான் மட்டுமல்ல, தோட்டத்துத் துரையே பயப்படுவார். நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

டிரைவர் இஸ்மாயில் ஹார்னை அமுக்கினார். மலாய்க்காரர், ஆனால் எங்களோடு பழகித் தமிழ் பொளந்துகட்டுவார். "அலமாக், கிராணி! தள்ளுங்க லா! எஞ்சின் சூடாவுது!"

அவருக்குப் பக்கத்து இருக்கையில் என் மனைவி பாக்கியம். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். நான் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா; கிராணி வீட்டம்மா என்பதால் அவளுக்கு முன் இருக்கை. அவள் முகத்தை வெளியே நீட்டி, "ஏங்க, இத்தன பேருக்கு முன்னால எதுக்கு இப்படி மானத்த வாங்குறீங்க? நகருங்க!" என்றாள்.

எப்படி நகர்வேன்? அந்தப் பாலத்துக்குள் இருக்க வேண்டிய இரும்பு அதற்குள் இல்லை. அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் என் வேலை போகும், வேலையோடு குடியிருந்த வீடும் போகும். சொல்லாவிட்டால் இந்த நாற்பது பேரும் என் பெண்டாட்டியும் ஓடைக்குள் போவார்கள்.

துரை கேட்டார், நான் தலையாட்டினேன்

மாசாய் ஊரிலிருந்து இந்தப் பத்திரிகையின் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: 'தோட்டத்தில் சுகமாகக் கிராணி உத்தியோகம் பார்த்த நீர், அதை விட்டுவிட்டு ஏன் ஜோகூர் பாருவில் ஒரு கான்ட்ராக்டரிடம் கம்பி கட்டப் போனீர்?' சுகமாம்! கூட இருந்து பார்த்தவர் மாதிரி எழுதுகிறார். சரி, கேட்டுவிட்டார், சொல்லித் தொலைக்கிறேன்.

கிளைக்கதை வேண்டாம் என்று ஆசிரியர் வேறு கெஞ்சியிருக்கிறார். கிளைக்கதை இல்லாமல் சொல்ல நான் என்ன தந்தியா அடிக்கிறேன்?

முப்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தா திங்கியிலிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். சின்னத் தோட்டம்தான். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கும் ரப்பர் ஆலைக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் ஒரு மரப்பாலம். மழைக்காலம் வந்தால் ஓடை பெருகும், பாலம் வெள்ளத்தோடு போய்விடும். ஆண்டுதோறும் புதுப்பாலம் போட்டுப் போட்டு எங்கள் துரைக்கு அலுத்துவிட்டது.

எங்கள் துரையைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் தமிழைப் புத்தகம் வைத்துப் படித்துப் பரீட்சை தேறியவர். அதனால் புத்தகம் மாதிரியே பேசுவார். பால்மரம் வெட்டும் பெண்ணிடம் போய், "அம்மணி, மரப்பட்டையை இவ்வளவு ஆழமாகக் கீறுதல் தகாது" என்பார். அவர் தலை மறைந்ததும், "தொரைக்கு சாமி வந்திருச்சுடி" என்பாள் அஞ்சலை.

ஒரு நாள் என்னை அழைத்தார். "கிராணி, கான்கிரீட் என்னும் பொருளைப் பற்றி நீர் அறிவீரோ?"

தோட்டத்துக்கு வருமுன் சிங்கப்பூரில் ஒரு கட்டட வேலையிடத்தில் மூன்று மாதம் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். சிமெண்டு மூட்டை உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே கட்டடம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும், "அறிவேன் துரை" என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்ல எனக்கு அந்த வயதில் வராது. இந்த வயதிலும் வருவதில்லை என்று பாக்கியம் சொல்வாள்.

கம்பெனி இஞ்சினியர் வரைந்த நீலநிறப் படம் ஒன்றைத் துரை என் கையில் கொடுத்தார். இரண்டு நாள் அதை விரித்து வைத்து மூக்கைச் சொறிந்துகொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் பலகை அடிக்க வந்த சீனத் தச்சர் ஒன்றும் பேசாமல் அதை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகத் திருப்பி, நேராக வைத்துவிட்டுப் போனார்.

வளையம் எதற்கு?

படத்தில் இருந்தது இவ்வளவுதான். ஓடைக்குக் குறுக்கே இருபது அடி நீளத்தில் இரண்டு கான்கிரீட் உத்தரங்கள். அவற்றின் மேல் தளம். ஒவ்வோர் உத்தரத்தின் அடிப்பக்கத்திலும் நீளவாக்கில் நான்கு தடித்த கம்பிகள். அந்தக் கம்பிகளைச் சுற்றி, மெல்லிய கம்பியில் வளைத்த நீள்சதுர வளையங்கள், உத்தரத்துக்கு முப்பத்தாறு. நடுவில் தள்ளித் தள்ளியும் இரண்டு முனைகளில் நெருக்கி நெருக்கியும் போட்டிருந்தது.

நீளக் கம்பி எதற்கு என்று எனக்கே புரிந்தது. தடித்தடியாக இருந்தது, பார்த்தால் மரியாதை வந்தது. வளையம்தான் புரியவில்லை. கம்பிகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பிடித்து வைக்கத்தான் அது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பிற்பாடு கம்பி வேலையிலேயே என் முடி நரைத்தது. அதனால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பாரம் ஏறினால் உத்தரம் நடுவில் தொய்யப் பார்க்கும். அடிப்பக்கம் இழுபடும். இழுப்பைக் கான்கிரீட் தாங்காது, நீளக் கம்பி தாங்கும். ஆனால் முனைகளில், உத்தரம் கரைச்சுவரில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், அது வேறு மாதிரி சாகும். குறுக்குச் சாய்வாகக் கிழியும். அந்தக் கிழிசலைத் தைத்துப் பிடிப்பது வளையம். வளையம் இல்லாத உத்தரம் முன்கூட்டி முனகாது, தொங்காது, ஒரு நொடியில் போய்விடும்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எழுபத்திரண்டு வளையங்களை வளைத்து, ஓடைக்கரையில் அழகாக அடுக்கி வைத்தேன். முழ நீளம், சாண் அகலம். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது.

ஒண்ணுதானே!

மத்தியானம் சோறு கொண்டுவந்த பாக்கியம் அந்த அடுக்கைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். திருப்பினாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல ஒண்ணு குடுங்களேன். அடுப்புக் கல்லு மேல வச்சா மீன் வாட்ட சோக்கா இருக்கும்."

"அது பாலத்துக்குடி!"

"எழுவது எண்பது கெடக்கு. ஒண்ணுதானே! ஒண்ணு இல்லன்னா பாலம் கோவிச்சுக்குமா?"

அன்று இரவுச் சோற்றுக்கு ஆற்று மீன். வளையத்தின் மேல் மஞ்சளும் மிளகாயும் தடவி வாட்டியிருந்தாள். ஒரு பக்கம் கருகாமல், மறுபக்கம் பிய்யாமல், அப்படி ஒரு மீனை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. பாலம் போனால் போகட்டும் என்று இருந்தது, அவ்வளவு ருசி.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி நெருப்பு வாங்க வந்தாள். பார்த்தாள். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? கிராணி வீட்டிலேயே இருக்கிறதென்றால் அது எல்லாருக்கும் எடுத்துக்கொள்ளக் கிடக்கும் சாமான்தானே! நான் ஆபீசில் உட்கார்ந்து ஒரு வாரம் கடிதம் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், லயம் முழுக்க அடுப்புகள் புது மாதிரி ஆயின. ஒரு வீட்டில் மீன் வாட்டினார்கள். ஒரு வீட்டில் எலிக்கு எட்டாமல் கருவாடு தொங்கவிட்டார்கள். ஒரு வீட்டில் துண்டு காயப்போட்டார்கள். அஞ்சலை வீட்டில் மூன்று இருந்தன. ஒன்றில் பூசணிக்கொடி படர்ந்திருந்தது.

கான்கிரீட் வார்க்கும் நாள் காலை போய்ப் பார்க்கிறேன், கரையில் பதினான்கு வளையங்கள் இருந்தன.

வார்த்த நாள்

லயத்துக்கு ஓடினேன். முதல் வீட்டு அடுப்பில் பார்த்தேன், இரண்டாவது வீட்டில் பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது. அஞ்சலை வாசலில் நின்றாள். "என்னா ஐயா, கோழி காணமா?"

"இல்ல... இந்தக் கம்பி வளையம்..."

"ஓ, அதுவா? ஒங்க வீட்டம்மா வச்சிருந்தாங்க. மிச்சம் மீதி போலன்னு நாங்களும் எடுத்துக்கிட்டோம். ஏன், வேணுமா?"

வேணும் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வந்திருக்கும். ஆனால் கூச்சல் எழும். துரை ஏனென்று கேட்பார். முதல் வளையம் யார் வீட்டுக்குப் போனது என்று அஞ்சலை ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். "இல்ல, சும்மா கேட்டேன்" என்று திரும்பிவிட்டேன். மடையன்!

கரையில் துரை நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலி பாலத்தின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே இருந்தது. அவர் கண் படும் இடத்தில் நெருக்கமாகத் தெரியட்டும் என்று பதினான்கையும் நடுவிலேயே கட்டினேன். முனைகளில், எங்கே உத்தரத்தின் உயிர் இருக்கிறதோ அங்கே, ஒன்றுமே இல்லை.

"கிராணி, இஃது மிக நேர்த்தி" என்றார் துரை.

அதோடு விட்டேனா? மேட்டு மணல் இரண்டு கட்டை தூரத்தில் இருந்தது. யார் சுமப்பது? கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆற்றங்கரையிலிருந்து மணல் அள்ளச் சொன்னேன். அஞ்சலை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ஐயா, உப்புக் கரிக்குது."

"பாலத்த நீயா திங்கப் போற? கொட்டு!" என்றேன்.

கம்பிக்கு அடியில் இரண்டு விரற்கடை கான்கிரீட் இருக்க வேண்டும், அதற்காகச் சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டைகள் வைக்க வேண்டும் என்று படத்தில் இருந்தது. நான் கூழாங்கல் வைத்தேன். ஆட்கள் கம்பிமேல் ஏறி மிதித்ததில் கல்லெல்லாம் உருண்டு ஓடிவிட்டது. கம்பி பலகை மேலேயே படுத்துக்கொண்டது. உப்பு மணலும், கான்கிரீட் மூடாத கம்பியும் சேர்ந்தால் துரு பிடிக்கும் என்று எனக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. சொன்னவளையும் வாயை மூட வைத்துவிட்டேன்.

சுண்ணாம்பு உபயம்

பாலம் நின்றது. மாட்டுவண்டி போயிற்று, துரையின் சைக்கிள் போயிற்று, ஒரு பெருமழையில் தண்ணீர் மேலேயே ஓடியும் அசையவில்லை. ஊரில் என்னை 'இஞ்சினியர் கிராணி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் 'உம்' கொட்டிக்கொண்டு நடந்தேன்.

இரண்டாம் ஆண்டு பாலத்தின் அடியில் வெற்றிலை துப்பியது மாதிரி பழுப்புக் கறை கண்டது. பிறகு கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக ஒரு வெடிப்பு. துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் ஆலைப்பக்க முனையில் தலைமுடி பருமனில் ஒரு கோடு. சாய்வான கோடு.

என்ன செய்தேன் தெரியுமா? சுண்ணாம்பு அடித்தேன். பொங்கலுக்கு அடித்தேன், தீபாவளிக்கு அடித்தேன், துரையின் பிறந்தநாளுக்கு அடித்தேன். கோடு மறுபடி தெரியும், மறுபடி அடிப்பேன். "தன் படைப்பின்மீது கிராணி கொண்ட அன்பு போற்றத்தக்கது" என்று துரை கம்பெனிக்கே எழுதினார். அந்தக் கடிதத்தைத் தட்டியதும் நான்தான்.

அப்போதுதான் லோரி வந்தது. அதை ஓடவிடுமுன் பாலத்தைப் பார்க்கக் கம்பெனி இஞ்சினியரும் வந்தார். பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க ரப்பர் இல்லை, எல்லாம் முந்தின நாள்தான் படகில் போயிருந்தது. துரைக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் லயத்து ஆட்களைப் பார்த்துக் கையை அகல விரித்தார்.

"நீங்களே பாரமாகுங்கள்! அனைவரும் ஏறுக!"

சொல்லி முடிக்கவில்லை, நாற்பது பேரும் வீட்டுக்கு ஓடி நல்ல துணி மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வாய் திறந்தது

அப்படித்தான் நான் லோரிக்கு முன்னால் நின்றேன்.

"கிராணி, யாது காரணம் பற்றித் தடுக்கிறீர்?" என்று துரை கேட்டார்.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சிடுசிடுப்பு நின்றுவிட்டது. என் முகத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டாள்.

"துரை, இந்தப் பாலத்தில் வளையம் இல்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "எழுபத்திரண்டு போட வேண்டிய இடத்தில் பதினாலுதான் போட்டேன்! அதையும் தப்பான இடத்தில் போட்டேன்! இதுமேல் யாரும் போகக் கூடாது!"

"எஞ்சிய இரும்பு எங்கே?"

நான் வாய் திறக்குமுன் பாக்கியம் லோரியிலிருந்து இறங்கினாள். "எங்க வீட்டு அடுப்புல இருக்கு தொரை. நான்தான் மொதல்ல எடுத்தேன்" என்றாள்.

பிறகு அஞ்சலை தொண்டையைக் கனைத்தாள். "எங்க வீட்டுலயும் மூணு இருக்கு தொரை." "எங்க வீட்டுல ஒண்ணு." "எங்க வீட்டுல ரெண்டு, அதுல ஒண்ணு கோணிப்போச்சு." இறங்கினார்கள், ஓடினார்கள், கொண்டுவந்தார்கள். கரையில் குவியல் ஏறியது. கரி பிடித்தது, மஞ்சள் அப்பியது, கருவாட்டு நாற்றம் அடிப்பது, பூசணிக்கொடியோடு வந்தது என்று எல்லா ரகமும் இருந்தன.

இஞ்சினியர் குனிந்து எண்ணினார். ஐம்பத்தேழு. ஒன்று குறைந்தது.

துரையின் பங்களாச் சமையற்காரர் கூட்டத்தின் பின்னாலிருந்து மெதுவாகக் கை தூக்கினார். "அது... தொரைக்கு ஞாயித்துக்கெழம கோழி சுடுறது அதுலதாங்க."

இஞ்சினியர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. துரை ஆகாயத்தைப் பார்த்தார்.

பீப்பாய்க்கு நாலு பேர்

ஆனாலும் துரைக்கு நம்பிக்கை வரவில்லை. "இரண்டு ஆண்டு நின்ற பாலம் இன்று மட்டும் எவ்வாறு விழும்?" என்றார்.

இஞ்சினியர் ஓடைக்குள் இறங்கிச் சுத்தியலால் அடியைத் தட்டினார். என் சுண்ணாம்போடு ஒரு பாளம் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்து நின்றது. ஒரு செதிலைக் கிள்ளினார், விரலிலேயே பொடிந்துவிட்டது. அவர் மேலே வந்து, ஆளை வைத்துச் சோதிக்க வேண்டாம், தண்ணீரை வைத்துச் சோதிக்கலாம் என்று சொன்னார்.

ஆலையிலிருந்து காலி எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிப் பாலத்தின் மேல் நிறுத்தினோம். கைப்பம்பையும் நீளமான ரப்பர் குழாயையும் கரையில் வைத்தோம். குழாய் முனையை மூங்கில் கழியில் கட்டி, பாலத்தில் கால் வைக்காமலே ஒவ்வொன்றாக நிரப்ப ஏற்பாடு. லோரியின் எடைக்குப் பதினைந்து பீப்பாய். ஆட்களின் எடைக்குப் பத்து, பீப்பாய்க்கு நாலு பேர். இதுதான் கணக்கு.

அஞ்சலைக்கு உடனே குஷி பிறந்துவிட்டது. "அப்ப எது என் பீப்பா? ஐயா, பேர எழுதுங்க!"

சுண்ணாம்பு மட்டையை எடுத்து, காலிப் பீப்பாய்களில் நான்கு நான்கு பேராக எழுதினேன். ஒரே கூத்து.

"எனக்கு மாமியாளோட வேணாம், வேற பீப்பாயில போடுங்க!"

"நான் ஒல்லி, எனக்குத் தண்ணி கம்மியா ஊத்துங்க!"

"இஸ்மாயில் அண்ணே தொப்பைக்குத் தனிப் பீப்பா வேணும்!"

பாக்கியமும் சேர்ந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணரை ஆளு போடுங்க" என்றாள், வயிற்றைத் தொட்டுக்காட்டி. பெயர் எழுதிய முதல் பீப்பாயில் பாக்கியம், இஸ்மாயில், அஞ்சலை என்று எழுதி, மீதி இடத்தை வயிற்றுப் பிள்ளைக்கு விட்டேன். சுண்ணாம்பு என் முழங்கை வரை வழிந்தது.

பம்பு அடித்தோம். பத்து பீப்பாய், ஒன்றும் இல்லை. பதினைந்து, ஒன்றும் இல்லை. துரை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பாலம் நின்றுவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். நின்றுவிட்டால் வீடு நிற்கும், வேலை நிற்கும்.

பாக்கியத்தின் பீப்பாய் நிறைந்தது. அடுத்ததும் நிறைந்தது. மூன்றாவது பீப்பாய்க்குக் குழாயைத் திருப்பினோம், பாதிகூட ஏறியிருக்காது.

சத்தம் பெரிதாக இல்லை. பழைய வேட்டியைக் கிழித்தது மாதிரிதான் இருந்தது. ஆலைப்பக்க முனையில், நான் சுண்ணாம்பு அடித்து அடித்து மறைத்த அந்தச் சாய்வுக் கோட்டிலேயே பிளந்தது. கண் இமைக்கவில்லை, பாலம் ஓடைக்குள் கிடந்தது. துருப்பிடித்த கம்பிகள் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே நீட்டின. காலிப் பீப்பாய்கள் பெயரோடு மிதந்து போயின. தண்ணீர் நிறைந்தவை நேரே அடிக்குப் போயின. கலங்கல் கொஞ்சம் தெளிந்ததும், தண்ணீருக்கு அடியில் என் கையெழுத்து தெரிந்தது. பாக்கியம், இஸ்மாயில், அஞ்சலை.

இஸ்மாயில் தலையிலிருந்த சொங்கோக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாக்கியம் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், ரொம்ப நேரம் விடவில்லை. நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன்.

பெரட்டு

சாயங்காலம் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கோழி விஷயத்தை நான் லேசாக எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதுதான்.

"கிராணி, நீதி வேறு, கோழி வேறு" என்றார்.

என்னை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நானே தட்டினேன். ஓரிடத்தில் அவருக்கு வார்த்தை வரவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தட்டி முடித்ததும் அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லோரியைத் தடுத்தமைக்கு நன்றி" என்றார். கடைசியில் அவர் குரல் புத்தகம் மாதிரி இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டு எடுக்கும் வேலை மட்டும் பாக்கி இருந்தது. தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஆறு வருஷமாகத் தினம் கூப்பிட்ட பேர்கள். பாதித் தூக்கத்தில் கூப்பிடுவேன், பாதித் தூக்கத்தில் பதில் வரும், நான் நிமிர்ந்தே பார்த்ததில்லை.

அன்று பனி கொட்டியது. புத்தகத்தைத் திறந்தேன். "அஞ்சலை."

"இருக்கேன் ஐயா."

நிமிர்ந்து பார்த்தேன். பால்வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த பேரைக் கூப்பிட்டேன். இருக்கேன். அடுத்தது. இருக்கேன். நாற்பது பேரும் முடிந்தார்கள். புத்தகத்தை மூட வேண்டும், கை மூடவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பி, மறுபடி கூப்பிட்டேன்.

"அஞ்சலை."

அவள் வாய்க்கு இது எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம்! என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். நேராக நின்றாள்.

"இருக்கேன் ஐயா" என்றாள்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் மறுபடி சொன்னார்கள்.